பல்லிடையில் கத்தி

கால் பக்கத்தை ட்ரூடா தூக்கினாள், தலைப் பக்கத்தைப் பேலா. நடுவில் கடைப் பலகையில் பேலாவின் புருஷன் ஹில்கர் கிடந்தான். நேற்றுவரை பன்றித் தொடைகளை அடுக்கி விற்ற பலகை அது. கொழுப்பு ஊறி வழுவழுத்துப் போயிருந்ததால் தெரு மேடேறும்போதெல்லாம் ஹில்கர் பின்னால் வழுக்கினான். அவன் தலை வந்து பேலாவின் வயிற்றில் இடித்தது. பின்மண்டையிலிருந்து ஒழுகிய ரத்தம் அவள் பாவாடையை நனைத்து, செருப்புக்குள் இறங்கி, நடக்க நடக்கச் சொதசொதத்தது. தெருநாய் ஒன்று சொட்டுகளை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது.

கசாப்புத் தெருவின் இரண்டு பக்கமும் ஆண்கள் நின்றார்கள். ஒருவனும் கை கொடுக்கவில்லை. சற்று முன்னால் ஆலயத்துக்குள் எல்லாரும் தாராளமாகக் கை கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ட்ரூடா குடல் கழுவி விற்பவள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

“பாக்குறானுங்க பாரு! நேத்து இந்த மனுஷன் வெட்டிக் குடுத்ததைத் தின்ன வயிறுதானேடா அது? இன்னிக்கு ஒருத்தன் தோளுக்கும் பலம் இல்லையா?”

“அவன் யாருன்னு புனிதர் காட்டிக் குடுத்துட்டார்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“உங்கப்பன் யாருன்னு உங்கம்மாகிட்ட முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் புனிதரைப் பத்திப் பேசலாம்!”

பேலாவின் காது முழுக்க ஹில்கரின் மூச்சில் இருந்தது. தொண்டையில் ரத்தம் கொப்பளிக்க, கரகரவென்று வந்துகொண்டிருந்தது அது. அது நிற்காதவரை நடக்கலாம் என்று நடந்தாள்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம் ஹில்கருடையது. வினையே அதுதான். கல்யாணமான புதிதில், கசாப்புக்காரர் சங்கம் தன் சிற்றாலயத்துக்கு மரப்பலகையில் ஒரு பெரிய படம் எழுதி வைக்க ஆசைப்பட்டது. சங்கத்தின் காவலர் புனித பர்த்தலோமேயு. உயிரோடு தோலுரிக்கப்பட்டுச் செத்தவர். கத்தியால் பிழைப்பவர்களுக்குக் கத்தியால் செத்தவர் காவல். கொலோன் பட்டணத்திலிருந்து வந்த ஓவியன் வெட்டுக்கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்து மாடு உரிப்பதைப் பார்த்தான். புனிதருக்கு முகம் தேடியபோது சங்கத் தலைவர் எவரார்ட் அவன் கண்ணில் பட்டார். எவரார்ட் பேலாவின் அண்ணன். நீண்ட முகம், இரண்டாகப் பிரிந்த தாடி, மேலே பார்த்தால் கண்ணில் நீர் நிற்கும். அது சின்ன வயதிலிருந்தே இருக்கும் கண்நோய் என்று பேலாவுக்குத் தெரியும். ஓவியன் அதைப் பக்தி என்று நினைத்துவிட்டான்.

தோலுரிப்பவனுக்கு முகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹில்கரைப்போல் உரிக்கிறவன் கிடையாது. முதல் கீறல்களைப் போட்டதும் கத்தியைப் பல்லில் கடித்துக்கொள்வான். வலது கையால் தோலை இழுத்துப் பிடித்து, இடது கட்டைவிரலைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டுத் தள்ளிக்கொண்டே போவான். எருது மிதித்து வளைந்துபோன விரல் அது. அதற்கென்றே செய்ததுபோல் உள்ளே போகும். பேலா சாப்பிடக் கூப்பிட்டால் கத்தியைக் கடித்தபடியே பதில் சொல்வான். ஓவியன் சிரித்துச் சிரித்து அதை அப்படியே எழுதினான், கத்தியும் பல்லுமாக.

படம் வந்த அன்று ஹில்கர்தான் எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். “மச்சான் சாமியாயிட்டார், நான் பாவியாயிட்டேன். ஒரே குடும்பத்துல ரெண்டும் இருக்கு, வெளிய போய்க் கடன் வாங்க வேண்டியதில்ல,” என்றான்.

திருவிழா அன்று பெண்கள் தலைத்துணி ஊசியை எடுத்துப் படத்திலிருக்கிற கொடியவனின் கண்ணைக் குத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்றால் குத்துவார்கள், புருஷன் அடித்தால் குத்துவார்கள், சும்மாவும் குத்துவார்கள். முதலில் கண்கள் போயின. பிறகு மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் போய் வெள்ளை மரம் தெரிய ஆரம்பித்தது. பேலா குமுறினால் ஹில்கர் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். “எனக்குக் கஞ்சி ஊத்துறது மூஞ்சியா? போ போய் வேலையைப் பாரு.” ஆனால் கர்ப்பிணிகள் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். எவரார்டைக் கண்டாலோ போகிற இடமெல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிவந்து தொடச் சொன்னார்கள். ஆரம்பத்தில் கூச்சப்பட்டவர், நாளாக ஆக, தாடியை இன்னும் நன்றாகச் சீவிக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தார்.

இன்று திருவிழா. பிரசங்கத்துக்கு வெளியூர்த் துறவி ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் படத்துக்குக் கீழே நின்று, கத்தி எங்கே இறங்கியது, தோல் எங்கே பிரிந்தது, நரம்பு எப்படித் துடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்களுக்கு மூச்சு வாங்கியது. “இவன் செத்துட்டான்னு நினைக்காதீங்க!” என்று துறவி கையை நீட்டிச் சுரண்டுபட்ட முகத்தைக் காட்டினார். “இவன் இப்பவும் உங்க நடுவுலதான் நடமாடுறான்! தோலை உரிக்கிற அந்தக் கையோட, பல்லுல கத்தியோட!”

கதவு திறந்தது.

திருவிழா எருதின் தோலைக் கீறல் படாமல் முழுசாக உரித்து, உரித்தவனே சுமந்துவந்து பீடத்தில் வைப்பது சங்கத்தின் முறை. வருஷா வருஷம் ஹில்கர்தான் கொண்டுவருவான். இன்று எருது முரண்டு பிடித்ததில் நேரமாகிவிட்டது. ஓடிவந்திருக்கிறான். இரண்டு கையிலும் பச்சைத் தோல், முழங்கைவரை ரத்தம். கத்தியை எடுத்து வைக்க மறந்துபோய்ப் பல்லிலேயே கடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றான்.

ஒரு பெண் வீரிட்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து பேலா எல்லாவற்றையும் பார்த்தாள். பெஞ்சு சாய்ந்து அவள் காலை நசுக்கியது, எழுந்திருக்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தாள். பீடத்துப் பக்கம் சங்கத்துக் கோலோடு நின்ற எவரார்டை நோக்கி ஹில்கர் வேகமாக நடந்தான். வாயைத் திறந்ததும் கத்தி கல்தரையில் விழுந்து ஒலித்தது. “மச்சான், என்ன இது? இவங்ககிட்ட சொல்லுங்க!” எல்லாரும் எவரார்டைப் பார்த்தார்கள். படத்திலிருந்த முகமும் கீழே இருந்த முகமும் ஒன்றுபோல் நீர் நின்ற கண்களோடு இருந்தன. எவரார்ட் ஒரு கையைத் தூக்கியிருந்தால் அத்தனை பேரும் நின்றிருப்பார்கள்.

ஹில்கர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினான். “எருதுத் தோலுங்க! எருதுத் தோலு!” எவரார்ட் கையைத் தூக்கினார். கோலின் நுனியிலிருந்த பித்தளை எருதுத் தலை ஹில்கரின் பின்மண்டையில் இறங்கியது. விறகு பிளப்பதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு மெழுகுவத்தித் தண்டு, முக்காலி, செருப்பு, கல். ஒருவன் விழுந்தவனின் விலாவில் குதித்தான். ஒருத்தி ஊசியோடு மண்டியிட்டு, படத்தில் மிச்சம் வைத்ததை இவன் முகத்தில் தேடினாள். பேலா போட்ட கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. எருதுத் தோலை இழுத்து இழுத்துக் கந்தலாக்கிவிட்டுத்தான் அவர்கள் ஓய்ந்தார்கள்.

வீட்டில் கொண்டுவந்து பலகையோடு மேசைமேல் வைத்தார்கள். பங்குச்சாமிக்கு ஆள் அனுப்பியதற்கு, கூட்டம் கலையட்டும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் ஹில்கருக்கு ஒருமுறை நினைவு வந்தது. ஒரு கண் போய்விட்டிருந்தது. மற்றக் கண் கூரையில் எதையோ தேடியது.

“பேலா.”

“இங்கதான் இருக்கேன், சொல்லுங்க.”

“தோலு... கிழியலையே?”

அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்ல. முழுசா இருக்கு. பீடத்துல வச்சாச்சு.”

“கத்தியை... மறந்துட்டேன் பாரு.” உடைந்த பற்களோடு சிரிக்கப் பார்த்தான். ரத்தம்தான் வந்தது.

மாலை ஜெபமணி அடிப்பதற்குள் அந்தக் கரகரப்பு நின்றுபோனது. நின்ற பிறகும் பேலா சிறிது நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ட்ரூடா வந்து கண்ணை மூடிவிட்டு, “அழுதுடுடி,” என்றாள். பேலாவுக்கு அழுகை வரவில்லை. வயிற்றுக்குள் கத்தியைச் செருகி வைத்ததுபோல் இருந்தது. அசைந்தால் அறுக்கும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே நீதிபதி வின்ரிக் வந்தார். கீல்வாதக்காரர், நடக்க இன்னொருவர் தோள் வேண்டும். அன்று அவருக்குத் தோள் கொடுத்து அழைத்துவந்தது எவரார்ட்.

நீதிபதி உடம்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். “பேலா, நான் சொல்றதைக் கேளு. மனுஷன் யாரும் கொல்லல, புனிதரே தண்டிச்சார்னு ஊர் சொல்லுது. பிரசங்கச்சாமியும் அதைத்தான் சொல்றார். அப்படின்னா நான் யாரையும் பிடிக்க முடியாது. பங்குச்சாமியும் இவனைக் கல்லறைத் தோட்டத்துல விட மாட்டார். மதிலுக்கு வெளியதான்.”

மதிலுக்கு வெளியே தூக்கில் தொங்கியவர்களும் தாங்களே கிணற்றில் விழுந்தவர்களும் கிடக்கிறார்கள். குளிர்காலத்தில் நரி வந்து தோண்டும். மந்திரிக்காத மண்ணில் கிடப்பவனைக் கடைசி நாளில் யாரும் பேர் சொல்லி எழுப்ப மாட்டார்கள். மதிலுக்கு உள்ளே, ஆலயச் சுவர் ஓரமாக, ஹில்கரின் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தன. அவற்றின் பெட்டிகளை அவன்தான் கையில் தூக்கிக்கொண்டு போனான். அந்தப் பக்கத்தில் தனக்கு இடம் என்று அன்றே காலால் அளந்து வைத்தான்.

“மனுஷன் கைதான் பட்டுதுன்னு தெரிஞ்சா?” என்றாள் பேலா.

“தெரிஞ்சா இவன் கொலையுண்டவன். உள்ள புதைக்கலாம். ஆனா யார் சொல்றது?”

“அவரே சொல்லட்டும். சங்கத்து ஆம்பளைங்க எல்லாரும் வந்து உடம்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணட்டும்.”

நீதிபதி பெருமூச்சு விட்டார். கொன்றவன் தொட்டால் பிணம் ரத்தம் விடும். அது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். செத்தவனின் சொந்தம் கேட்டால் மறுக்க முடியாது. “உனக்கு உரிமை இருக்கு,” என்றார். “நாளைக்குக் காலைல. சங்கத்து ஆலயத்துல.” எவரார்டின் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதியை வாசலில் ஒருவன் தோளில் சாய்த்துவிட்டு எவரார்ட் திரும்பி உள்ளே வந்தார். பிணத்தின் பக்கம் பார்க்காமல், அடுப்பின் பக்கம் பார்த்துப் பேசினார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“பிள்ளைங்க பக்கத்துல அவர் படுக்கணும்.”

“கடை உன்கிட்டயே இருக்கும். நான் பாத்துக்கறேன். நல்ல ஆளா ஒருத்தனை வச்சு...”

“கடையைப் பத்தி நான் கேட்டேனாண்ணா?”

“ஊரே கொதிச்சுக் கிடந்துது. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?”

“கையைத் தூக்கியிருந்தா போதும்.”

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். நீ என்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்பாவை எருது குத்திப்போட்ட குளிர்காலத்தில், இதே கை கொட்டகையிலிருந்து எலும்புகளைத் திருடிவந்து, உடைத்து, உள்ளிருந்த மஜ்ஜையை அவளுக்கு ஊட்டியது. தனக்கு வேண்டாம் என்று சொல்லி எலும்பை மட்டும் நக்கிய அண்ணன்தான் இவர். பேலாவுக்கு அவரை அந்த நிமிஷமே கொன்றுபோட வேண்டும் என்றிருந்தது. நடுங்கும் அந்தத் தோளில் ஒரு துணியைப் போர்த்திவிட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தண்ணீர் சுடவைக்கப் போனாள்.

அவர் போன பிறகு இரண்டு பெண்களுமாக உடம்பைக் கழுவினார்கள். ட்ரூடா சணல் நாரை மெழுகில் தோய்த்துப் பின்மண்டைக் காயத்தை அடைக்கப் போனாள். “இரு,” என்றாள் பேலா. நாரின் உள்முனையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் வெளியே விட்டாள். பிறகு இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து பலகையின் கால் பக்கத்தில் வைத்தாள்.

“என்னடி பண்றே? தலை தாழ்ந்து போகுது.”

“போகட்டும்.”

ட்ரூடா வாழ்நாளெல்லாம் ரத்தத்தைக் கிண்டி வதக்கி விற்றவள். ரத்தம் எந்தப் பக்கம் போகும், எங்கே தேங்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செங்கல்லையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருக்குடி இது?”

பேலா நூலின் முனையை முடிக்குள் மறைத்தாள்.

“கடவுள் பண்ண வேண்டிய வேலையை நீ கையில எடுக்கறே.”

“அவருக்குத் தலைக்கு மேல வேலை. காலைல ஆலயத்துலதானே இருந்தார், என்ன பண்ணார்னு பாத்தீல்ல?”

ட்ரூடா விளக்கைத் தூண்டினாள்.

மறுநாள் சிற்றாலயத்தில் கால் வைக்க இடமில்லை. படத்துக்கு நேர் கீழே பலகையை வைக்கச் சொன்னார்கள். செங்கல்லைப் பேலாவே தூக்கிவந்து அடியில் வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கல்தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனால் இடுக்குகளில் கறுப்பாக இருந்தது. பேலா தலைமாட்டில் நின்று புருஷனின் நெற்றியில் இடது கையை வைத்துக்கொண்டாள். விதவை அப்படி நிற்பதில் தப்பில்லை. நூல் அவள் விரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு விரலை மார்பில் வைத்து, “இந்தச் சாவுல என் கை இருந்தா, இந்த உடம்பு சொல்லட்டும்,” என்றார்கள். முக்காலியால் அடித்தவன் வந்தான். குரல் எழும்பாமல் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததைக் கண்டு தெம்பாகப் போனான். விலாவில் குதித்தவன் வந்தான். அவன் விரல் பட்டபோது பேலாவின் கை துடித்தது. இவனும்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. எல்லாருமேதானே. ஆனால் நூல் ஒன்றுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் எவரார்ட் எழுந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது, சிலர் மண்டியிட்டார்கள். ஆவணி மாத வெயிலில் அவர் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“கழட்டணும், எவரார்ட்,” என்றார் நீதிபதி.

அவர் விரல் விரலாகக் கழற்றினார். தாடிக்குள் வியர்வை ஓடியது. அண்ணன் நம்புகிறார் என்பதைப் பேலா அப்போதுதான் உணர்ந்தாள். இந்தப் பிணம் பேசும் என்று முழுசாக நம்புகிறார். நம்பியும் வந்து நிற்கிறார். நீட்டிய கை காற்றில் நின்றது. அவர் கண் அவளைத் தேடி வந்து, வேண்டாம் என்று கெஞ்சியது. எலும்பை நக்கிய பையன் ஒரு நொடி அந்தக் கண்ணில் வந்து போனான். மதிலுக்கு வெளியே நரி தோண்டியது.

இரண்டு விரல்களும் ஹில்கரின் மார்பைத் தொட்டன. பேலா நூலை இழுத்தாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு தலைக்கு அடியிலிருந்து கறுத்த ரத்தம் எட்டிப் பார்த்து, பலகையின் கொழுப்பில் வழுக்கி, ஓரத்துக்கு வந்து, கல்லில் சொட்டியது. முன்வரிசையில் ஒருத்தி “ரத்தம்!” என்று அலறினாள். கூட்டம் முழுக்க அந்தச் சொல் ஓடியது. எவரார்டின் கால் மடங்கியது. விழப்போனவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ரத்தத்தில் தோய்ந்தது.

இப்போது பிடிப்பார்கள் என்று பேலா காத்திருந்தாள்.

பிரசங்கத் துறவி கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “பாருங்க! எல்லாரும் பாருங்க! எத்தனை பேர் தொட்டாங்க, இந்தக் கல் மனசு கரைஞ்சுதா? புனிதரோட முகம் கிட்ட வந்ததும் பாவியோட உடம்பே அழுவுது! பர்த்தலோமேயு தன்னை உரிச்சவனை மன்னிச்சுட்டார்!”

ஆலயமே ஓவென்று அழுதது. முண்டியடித்துக்கொண்டு வந்து கைக்குட்டையையும் தலைத்துணியையும் ரத்தத்தில் தோய்த்தார்கள். முக்காலியால் அடித்தவன் எவரார்டின் கையைப் பிடித்து, ரத்தத்தோடு முத்தமிட்டான்.

“இல்ல,” என்றார் எவரார்ட். “இல்ல, நான்தான். நான்தான் அடிச்சேன். கோலால நான்தான் முதல்ல...”

“கேட்டீங்களா!” என்றார் துறவி. “ஊர் பண்ண பாவத்தைத் தன் தலையில போட்டுக்கறார்!”

“அவர் சொல்றது நிஜம்!” பேலா கத்தினாள். “நான் பாத்தேன்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

அவளைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்தார்கள். பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்றாள் ஒருத்தி. நீதிபதி மட்டும் அழவில்லை. தடியை ஊன்றி மெல்ல வந்து, அவள் காதருகே குனிந்தார். அவர் கண் அவள் விரலில் சுற்றியிருந்த நூலில் ஒரு நொடி நின்றது.

“மன்னிக்கப்பட்டவன்னு ஆயிடுச்சு. உள்ள புதைக்கலாம். பிள்ளைங்க பக்கத்துலயே,” என்றார். “அதைத்தானே கேட்டே. இதோட விடு, பேலா. இன்னும் ஒரு வார்த்தை பேசினா அதுவும் போயிடும்.”

பேலா கையை மூடிக்கொண்டாள். நூல் உள்ளங்கைக்குள் ஈரமாக இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கினாள்.

உச்சி வெயிலில் புதைத்தார்கள். நேற்று ஒரு தோள்கூடக் கிடைக்காத தெருவில் இன்று தோள்களுக்குச் சண்டை நடந்தது. முன்பக்கத்தை எவரார்ட் தூக்கினார். அவர் கையை இன்னும் கழுவவில்லை. யாரும் கழுவ விடவில்லை. இரண்டு சின்ன மேடுகளுக்குப் பக்கத்தில், ஹில்கர் காலால் அளந்த இடத்தில் குழி வெட்டியிருந்தது. பங்குச்சாமி தீர்த்தம் தெளித்தார். மண் போடும்போது எவரார்ட் அவளைப் பார்த்தார். ஒரு திட்டு, ஒரு அறை, எதையாவது கொடு என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பேலா மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் அப்படியே சிற்றாலயத்துக்குப் போனார்கள். நேற்றுக் கலவரத்தில் ஊசி குத்துவது பாதியில் நின்றுபோயிருந்தது. பேலா பின்னாலேயே போனாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒருத்தி அன்பாகத் தன் ஊசியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“நீயும் ஒண்ணு போட்டுடு அக்கா. உன் வீட்டுக்காரருக்குப் புண்ணியம்.”

“புண்ணியத்தை நீயே வச்சுக்கோடி,” என்று முன்னால் வந்த ட்ரூடாவைப் பேலா தடுத்தாள். ஊசியோடு படத்தின் கிட்டே போனாள். மேலே அண்ணனின் முகம் ஒரு கீறலில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரம்தான். பின்னால் பெண்கள் ஜெபத்தை முணுமுணுத்தார்கள். அவள் நீர் நின்ற அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நழுவியிருந்த தன் தலைத்துணியை இழுத்து ஊசியால் குத்திக்கொண்டாள்.

பிறகு குனிந்து ஹில்கரைத் தேடினாள். நெற்றி இல்லை, கண் இல்லை, கன்னம் இல்லை. கத்திக்கு மேலே வெறும் மரம். புருஷனின் முகத்தில் ஒரு நகக்கண் அளவாவது எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அவன் கைகளை யாரும் தொட்டிருக்கவில்லை. வலது கை தோலின் ஓரத்தை மெல்ல இழுத்துப் பிடித்திருந்தது. இடது கையின் வளைந்த கட்டைவிரல் தோலுக்கும் சதைக்கும் நடுவே பாதி உள்ளே போயிருந்தது. அவசரமே இல்லாத கைகள். பேலா தன் விரலை அந்தக் கட்டைவிரலின் மேல் வைத்தாள். அங்கிருந்து தோலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே புனிதரின் தோள்வரை போனாள், முழங்கைக்கு இறங்கினாள், மணிக்கட்டுவரை பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில்கூடக் கிழியவில்லை.